வற்றாத குட்டையும் வேண்டாத மீனும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் பலரிடம் இப்போது ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. மாவுக்கும் தென்னைக்கும் தண்ணீர் விட ஐந்து சென்ட், பத்து சென்ட்டில் வெட்டியது. தண்ணீர் சும்மாதானே கிடக்கிறது என்று கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விடுகிறார்கள். முதல் வருஷம் நல்ல மீன் கிடைக்கும். மூன்றாவது வருஷம் வலை வீசினால் கூடை நிறைய வருவது திலேப்பியா என்கிற ஜிலேபி மீன்தான், உள்ளங்கை அகலத்தில். கூடவே நாலைந்து கட்லா, தலை பெருத்து உடம்பு ஒட்டிப்போய். “நான் இதை விடவே இல்லையே” என்பார் குட்டைக்காரர். உண்மையாகவே விட்டிருக்க மாட்டார்.

மீனின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் குட்டையைப் பார்க்க வேண்டும். குடிதண்ணீர் ஊருணிகளை விட்டுவிட்டால், இந்தச் செம்மண் சீமையின் நீர்நிலைகள் பெரும்பாலும் வருஷத்தில் சில மாதம் வற்றிக் கிடப்பவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் கண்மாய், தை மாசி வரை வயலுக்குப் பாயும். பங்குனியில் மடைக்குக் கீழே இறங்கிவிடும். வைகாசியில் நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும். அந்தக் கட்டத்தில்தான் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, கொசுவலை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு சனம் மொத்தமும் உள்ளே இறங்கும். மத்தியானத்துக்குள் கண்மாயில் விரலளவு மீன்கூட மிச்சமிருக்காது. தப்பியதைக் கொக்கும் நாரையும் பார்த்துக்கொள்ளும். பிறகு வெயில் காய்ந்து, மண் பாளம் பாளமாக வெடிக்கும்.

இதை விருந்து என்றும் வேண்டுதல் என்றும் சொல்வார்கள். நீர்நிலை நிர்வாகம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதுவும்தான். வருஷத்துக்கு ஒருமுறை கணக்கை முழுதாகத் தீர்த்துப் புதுக்கணக்கு எழுதும் ஏற்பாடு அது. ஒரு மீன் எவ்வளவு வேகமாகப் பெருகினாலும் வைகாசியைத் தாண்ட முடியாது. தோப்புக்குள் இருக்கும் குட்டைக்கு வைகாசியே வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் ஓடுகிறது, அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறது, தண்ணீர் கீழேயும் இறங்குவதில்லை. மரத்துக்கு அது நல்லது. ஜிலேபிக்கு அதைவிட நல்லது.

ஏன் ஜிலேபி மட்டும் இப்படி முட்டிக்கொண்டு வளர்கிறது? கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். வெள்ளம் புரண்டு ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய குட்டையில் எத்தனை வருஷம் கிடந்தாலும் குஞ்சு பொரிக்காது. ஹார்மோன் ஊசி போட்டு அவற்றை இனப்பெருக்கம் செய்யவைக்கும் வித்தையை ஹீராலால் சௌத்ரி குழுவினர் ஒடிசாவில் செய்து காட்டியது 1957 ஜூலை 10 அன்று. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று நாம் வாங்கும் குஞ்சுகள் எல்லாம் அந்த ஊசியின் வாரிசுகள். ஆக, குட்டையில் விட்ட நூறு கட்லா நூறாகவே இருக்கும், அல்லது குறையும். ஜிலேபிக்கோ ஆறும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு ஈட்டுக்குச் சில நூறு முட்டை. நம்மூர்ச் சூட்டில் நாலைந்து வாரத்துக்கு ஒரு ஈடு. முட்டையைத் தாய் வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கிறது. குஞ்சு நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். முட்டையைத் தின்ன வரும் மற்ற மீன்களுக்கு அங்கே வேலையே இல்லை. வேண்டிய மீன் பெருகாது, வேண்டாத மீன் பெருகிக்கொண்டே போகும். இந்தக் கணக்கில் யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

ஜிலேபி நம்மூர் மீனே அல்ல. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பகுதியைச் சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எளிதில் வளரும், ஏழைக்குப் புரதம் என்ற நல்லெண்ணம்தான். ஏழே வருஷத்தில், 1959இல், இதை இனிப் பரப்ப வேண்டாம் என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடைபோட்டது. அதற்குள் மீன் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘அமராவதி ஜிலேபி’ என்று ஒரு அணையின் பேரோடு சேர்த்து விற்கும் அளவுக்கு இது தமிழ்நாட்டில் ஊன்றிவிட்டது. உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

இருந்தும், ஜிலேபியைக் கெட்ட மீன் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிதாக இருந்தால் குழம்புக்கும் வறுவலுக்கும் நன்றாகவே இருக்கும். சிக்கல் அது பெரிதாகாததில் இருக்கிறது. நெரிசல் கூடினால் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, விரல் நீளத்திலேயே முட்டை போட ஆரம்பித்துவிடும். தவிட்டையும் புண்ணாக்கையும் கொட்டக் கொட்ட அது எடையாக மாறாமல் எண்ணிக்கையாக மாறும். குட்டையில் ஜிலேபி இருக்கிறதா என்று அறிய வலைகூட வேண்டாம். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் மண்குட்டையின் ஓரத்தில் பாருங்கள்: சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்ட வட்டமாகப் பள்ளம் தோண்டியிருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஆண் மீன் காவல் நிற்கும். உடம்பு கறுத்து, தாடை வெளுத்து, துடுப்பின் ஓரம் சிவந்து மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும். இன்னொன்று பக்கத்தில் வந்தால் துரத்தும். பிளாஸ்டிக் விரிப்பில் தோண்ட முடியாது. அதற்காக அது முட்டையிடாமல் விடுவதும் இல்லை.

மற்ற அழையா விருந்தாளிகளையும் பார்த்துவிடலாம். விரால், குறவை, கெளுத்தி, விலாங்கு எல்லாம் மண்ணின் மீன்கள். குஞ்சு விட்ட புதிதில் இவை உள்ளே இருந்தால் விட்ட குஞ்சில் பாதி இவற்றின் வயிற்றில். அந்த அளவுக்குத்தான் இவை வேண்டாதவை. விராலைச் சந்தையில் விற்றால் கட்லாவைவிடக் கூடுதல் விலை. அயிரையும் பொடிக்கெண்டையும் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரர்கள் அயிரைக்குக் கொடுக்கும் விலை எல்லோருக்கும் தெரியும். உண்மையாகவே பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம்மூர்க் கெளுத்தியைவிடப் பல மடங்கு பெரிதாகும், எதையும் தின்னும், வளர்க்கவே தடை உண்டு. இன்னொன்று, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக வாங்கி, பெரிதானதும் வெளியே கொண்டுபோய்க் கொட்டும் ‘டேங்க் கிளீனர்’. உடம்பெல்லாம் முள்ளும் கவசமும், வலையைக் கிழிக்கும், கரையைத் துளைக்கும், வாங்க ஆள் கிடையாது. கொசு மீனையும் சொல்ல வேண்டும். கம்பூசியா என்ற அது 1928இலேயே கொசு ஒழிப்புக்காக இங்கே வந்தது. மூடிய தொட்டியிலும் கிணற்றிலும் இருக்கட்டும். குட்டையில் விட்டால் கொசுப்புழுவோடு சேர்த்து மற்ற மீன்களின் முட்டையையும் தவளையின் தலைப்பிரட்டையையும் தின்னும். பொடிக்கெண்டை உள்ள குட்டையில் கொசுப்புழுவைத் தின்ன அதுவே போதும்.

இவை எப்படி உள்ளே வருகின்றன? மழைக்காலத்தில் வரத்துக்கால் வழியாக வருவது முதல் வழி. புதுத்தண்ணீர் ஓடிவந்தால் அதை எதிர்த்து ஏறுவது மீனின் குணம். கண்மாய் மறுகால் பாயும் நாளில் வாய்க்காலில் பறிக்கூடு வைத்து ஏத்துமீன் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. குறவையும் பனையேறிக் கெண்டையும் ஈரத்தரையில் கொஞ்ச தூரம் நகர்ந்தே வந்துவிடும். பனையேறிக் கெண்டை நிஜமாகவே பனையில் ஏறியதைத் தரங்கம்பாடியில் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி எழுதியது 1797இல் லண்டனில் அச்சேறியது. பனையில் ஏறுமோ ஏறாதோ, வரப்பில் ஏறும். பறவையின் காலில் ஒட்டி முட்டை வருகிறது என்று ஊரில் சொல்வார்கள். காலைவிட வயிற்றுக்குத்தான் சான்று இருக்கிறது: வாத்துக்கு ஊட்டிய கெண்டை முட்டைகளில் மிகச் சில எச்சத்தோடு உயிருடன் வெளிவந்து பொரித்ததை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் ஜிலேபி முட்டையை வாய்க்குள் வைத்திருக்கும் மீன். அதற்குப் பறவையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. என் கணிப்பில் ஜிலேபி வருவது பெரும்பாலும் வேன் ஏறித்தான். குஞ்சு விற்க வரும் வண்டியில், ஆக்சிஜன் அடைத்த பையில், ரோகு குஞ்சோடு கலந்து. விரற்கடை அளவுக் குஞ்சைப் பை மூட்டையாகப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பு தலையருகிலிருந்து வால்வரை ஒரே நீளமாக, முன்பாதி முள்ளாக இருக்கும். ரோகு, கட்லாவுக்கு முதுகின் நடுவில் சின்னதாக ஒரு துடுப்பு. தட்டில் ஒன்றிரண்டு ஜிலேபி தெரிந்தாலும் அந்தப் பையை வாங்காதீர்கள். ஒரு ஜோடி போதும்.

வந்தாகிவிட்டது, இனி என்ன செய்வது? முதல் வழியும் முழு வழியும் ஒன்றுதான்: குட்டைக்கும் ஒரு வைகாசியைக் கொடுப்பது. மழைக்கு முன், வைகாசி ஆனியில் தண்ணீரை மரங்களுக்கு இறைத்துவிடலாம். மீன் கிடந்த தண்ணீர் மரத்துக்கு உரம். பெரிய மீன்களை வலையில் எடுத்தபின் மண்குட்டையைக் கால் புதையாத அளவுக்கு, மண் வெடிக்கும்வரை காயவிட வேண்டும். மோட்டார் குழியில் தேங்கிய தண்ணீரையும் சேற்றையும் விட்டுவிடக் கூடாது. விராலும் குறவையும் சேற்றில் புதைந்து வாரக்கணக்கில் காத்திருக்கும். அந்த இடத்தில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்கினால் எதுவும் தாங்காது. பிளாஸ்டிக் குட்டை சீக்கிரம் காயும், ஆனால் ஏமாற்றும். விரிப்பின் மடிப்புகளில் ஒரு சொம்புத் தண்ணீர் நிற்கும், அதற்குள் கொசுப்புழு மாதிரி ஜிலேபிக் குஞ்சு நெளிந்துகொண்டிருக்கும். பழந்துணியால் ஒற்றி எடுக்கும் பொறுமை வேண்டும். காய்ந்த மண்குட்டைக்குச் சென்ட்டுக்கு ஒரு கிலோ வீதம் சுண்ணாம்பு தூவினால் புளிப்பேறிய செம்மண்ணுக்கும் நல்லது. சுவருக்கு முட்டைவெள்ளையும் கடுக்காயும் சேர்த்துச் சுண்ணாம்பு பூசிய ஊர்க்காரர்களுக்குக் குட்டைக்குப் பூச யோசனை ஏன்?

எல்லாக் குட்டையையும் வற்றவைக்க முடியாது. ஊற்று ஊறும், அல்லது இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டால் மரத்துக்கு வழியில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். வடிகாலில்லாக் குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு. நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று இருக்கும் ஊருக்கே இலுப்பைக்குடி என்று பெயர்; கோயில் விளக்குக்கு எரிந்தது இலுப்பை எண்ணெய், எண்ணெய்த் தலைக்குத் தேய்த்துக் குளித்தது அதன் புண்ணாக்கு. தலையில் எண்ணெய்ப் பிசுக்கை நுரைத்து எடுக்கும் சபோனின்தான் மீனையும் கொல்வது. செவுள் வழியாக ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும்; மூச்சுக்காற்றைச் சுமக்க ஆளில்லாமல் மீன் மேலே வந்து மிதக்கும். மீன்பண்ணைகளில் குட்டை தயாரிக்க இன்றும் பரிந்துரைக்கப்படும் முறை இது. இப்படிச் செத்த மீனை அப்போதே எடுத்தால் சமைத்துச் சாப்பிடலாம், விற்கவும் செய்யலாம்.

“ஒரு மூட்டை போட்டேன்ணே, ஒண்ணுமே சாகலை” என்று வருபவரிடம் கேட்க வேண்டியது, “ஆழம் எவ்வளவு தம்பி?” என்பதுதான். அளவு நிலத்துக்கு அல்ல, தண்ணீருக்கு. ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 250 கிராம். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் இருந்தால் 10 கிலோ புண்ணாக்கு வேண்டும். பத்து சென்ட் குட்டையில் சராசரி இரண்டு மீட்டர் தண்ணீர் நிற்கும்போது போட்டால் 200 கிலோ. அதே குட்டையை அரை மீட்டருக்கு இறைத்துவிட்டுப் போட்டால் 50 கிலோ, ஒரு மூட்டைக் கணக்கு. நிறைந்த குட்டையில் ஒரு மூட்டையைப் போட்டவர் கால்பங்கு மருந்துதான் கொடுத்திருக்கிறார். மீன் கொஞ்சம் மயங்கி எழுந்திருக்கும்.

புண்ணாக்கு இலுப்பைதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேம்பும் ஆமணக்கும் கலந்து வருவது உண்டு. ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் கரைத்து அடித்தால் நுரை கட்ட வேண்டும். அதில் இரண்டு ஜிலேபியைப் போட்டால் சற்று நேரத்தில் தெரிந்துவிடும். முதல் நாள் சாயங்காலமே இடித்து ஊறவைத்து, மறுநாள் காலை வெயிலேறும் நேரத்தில் கரைசலைக் குட்டை முழுக்கச் சீராக வீசி, வலையை இழுத்துக் கலக்கிவிட வேண்டும். தண்ணீர் காப்பி நிறமாகும், ஓரத்தில் நுரை ஒதுங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொடிமீன்கள் வாய் பிளந்து மேலே வரும், பின்னால் ஜிலேபி, கடைசியில் விரால். மேல்காற்றைக் குடிக்கும் மீன்கள் கூடுதலாகத் தாங்கும். அவற்றுக்காகச் சாயங்காலமும் வலை இழுக்க வேண்டும். செத்ததைக் கிடக்கவிட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். நஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் முறிந்துவிடும், பிறகு புண்ணாக்கே உரமாகிப் பாசியை வளர்க்கும். அவசரப்பட்டுக் குஞ்சு விடாமல், கொசுவலைக் கூண்டில் பத்துக் குஞ்சை ஒருநாள் குட்டையில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

இலுப்பை கிடைக்காவிட்டால் பிளீச்சிங் பவுடர். கன மீட்டருக்கு 35 கிராம், அதாவது ஒரு சென்ட் ஒரு மீட்டருக்கு 1.4 கிலோ. வீரியம் ஒரு வாரத்தில் போய்விடும். அதே அளவு தண்ணீருக்கு முதலில் யூரியா 400 கிராம் போட்டு, ஒருநாள் கழித்து 700 கிராம் பிளீச்சிங் போடும் முறையும் உண்டு. ஆனால் இரண்டையும் கையில் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது, விஷவாயு கிளம்பும். பூச்சிமருந்து ஊற்றுவது, கம்பியில் கரண்ட் விடுவது, தோட்டா போடுவது எல்லாம் கேட்கவே வேண்டாம். வெடி போடுவதும் விஷம் கலந்து மீன் பிடிப்பதும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். பூச்சிமருந்து கலந்த தண்ணீர் மாமரத்துக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும்தான் வந்து சேரும்.

இருக்கும் கட்லாவை இழக்க மனமில்லாதவர்கள் ஒழிப்பு என்ற எண்ணத்தை விட்டுவிட்டுக் கட்டுப்பாடு என்று யோசிக்கலாம். வாரம் ஒருமுறை சின்னக்கண்ணி வலை இழுத்து, வந்த ஜிலேபி எதையும் ‘சின்னது’ என்று இரக்கப்பட்டுத் திரும்ப விடாமல் எடுப்பது. அதோடு கொஞ்சம் விரால் விடுவது. விரால் வாய்க்கு அடங்கியதை மட்டும் தின்னும். கட்லாவும் ரோகும் ஒரு சாண் தாண்டியபின் விரால் குஞ்சை விட்டால் அவை தப்பிக்கும், ஜிலேபிக் குஞ்சு மாட்டும். இந்த யோசனையைச் சிலர் ‘திருடனைக் காவலுக்கு வைப்பது’ என்று சிரிப்பார்கள். விலை போகிற திருடன், பரவாயில்லை. பின்னால் ஒருநாள் சிவப்பாக ஒரு குஞ்சுப் பந்து தண்ணீர் மேலே உருண்டு வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கினால், விராலும் குடித்தனம் தொடங்கிவிட்டது என்று பொருள். அதையும் அளவாக எடுக்க வேண்டும். ஜிலேபிதான் வளர்ப்பேன் என்றால் அரசு அனுமதியோடு வளர்க்கும் ‘கிஃப்ட்’ (GIFT) என்ற மேம்படுத்திய திலேப்பியா வகையின் ஆண் குஞ்சுகள் இருக்கின்றன. குஞ்சுப் பருவத்தில் மூன்று வாரம் போல ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஆணாக்கியவை. நூற்றுக்கு நூறும் ஆண் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மறுபடி வராமல் தடுப்பதற்கு, வரத்துக் குழாயின் வாயில் சல்லடையும் கொசுவலையும் இரட்டையாகக் கட்டுவது, மழைக்கு முன் கரையை வெளித்தரையைவிட ஒரு முழமாவது உயர்த்துவது ஆகிய இரண்டும் போதும். முதல் மழையில் வலை செத்தையால் அடைத்துக்கொள்ளும், அதைப் பிடுங்கி எறியத் தோன்றும். அன்றைக்கு ராத்திரிதான் மீன் ஏறும்.

பிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உயிரைக் கொல்லப் பாவம் பார்த்து, வாளியோடு போய் ஊர்க் கண்மாயிலோ கோயில் ஊருணியிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். ஒருவர் தோப்பில் இருந்த தொல்லை ஊருக்கே போகிறது. அயிரையும் பொடிக்கெண்டையும் உளுவையும் கிடக்கும் தண்ணீர் அது. திருப்பத்தூர்ப் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நத்தைகொத்தி நாரைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத கொள்ளுக்குடிப்பட்டி இருக்கும் சீமை இது. பிடித்த ஜிலேபியை வறுத்துச் சாப்பிடுங்கள், அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள், கோழிக்கு வேகவைத்துப் போடுங்கள், மிச்சத்தைத் தென்னை மூட்டில் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள். புண்ணாக்கோ பிளீச்சிங்கோ போட்ட தண்ணீரையும் நஞ்சு முறியும்வரை வாய்க்காலில் திறக்காதீர்கள். அந்த வாய்க்கால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று தோப்பு வாங்கியவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அடுத்த தோப்புக்காரருக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள்.